இழுவைப் படகு எஞ்சினில் ஒரு சிலிண்டரை ரீபில்ட் செய்வது எப்படி?

மிசிசிப்பி ஆற்றில் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) வரிசையைத் தள்ளிப்போகும் படகுகள் பலவற்றில் ஓடுவது இஎம்டி 645 டீசல் எஞ்சின். 1965-இல் வந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்; ஒரு சிலிண்டரின் கொள்ளளவே 645 கன அங்குலம், பத்தரை லிட்டர். சிலிண்டரை மாற்ற எஞ்சினைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), லைனர் (பிஸ்டன் ஓடும் குழல்), பிஸ்டன், அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் எல்லாம் சேர்ந்த 'பவர் பேக்'கை மேலே தூக்கிவிட்டு, பட்டறையில் தயாரானதை இறக்கலாம்.

முதலில் ஸ்டார்ட்டருக்குப் போகும் காற்று வால்வை மூடிப் பூட்டுங்கள். எஞ்சின் நின்ற சூட்டோடு கிராங்க்கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் அடிப்பகுதி) மூடியைத் திறக்காதீர்கள். எண்ணெய் ஆவியோடு காற்று கலந்தால் வெடிக்கக்கூடும்.

ஆறியதும் ஏர் பாக்ஸ் (லைனர்களைச் சுற்றியுள்ள காற்று அறை) மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது. எனக்கு இதுதான் பாதி ரீபில்ட். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால், லைனரின் துவாரங்கள் வழியே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மரக்குச்சியால் அழுத்துங்கள். ரிங் உள்ளே போய்த் திரும்பி வந்தால் சரி. அசையாமல் கிடந்தால் கார்பன் பிடித்திருக்கிறது. ஏர் பாக்ஸில் தண்ணீர் நின்றால் லைனரையோ சீலையோ சந்தேகப்படுங்கள்.

அப்புறம் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடித்து, இஞ்செக்டர் (டீசல் பீச்சும் கருவி), ராக்கர் ஆர்ம் (வால்வைத் திறக்கும் கை), குழாய்களைக் கழற்றி, பவர் பேக்கைச் செயின் பிளாக்கில் தூக்குங்கள். எதிரெதிர் சிலிண்டர்களின் இரண்டு ராடுகளும் கிராங்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்: ஒன்று கவை போல, மற்றது அதன் நடுவில். கவை ராடை எடுக்கும்போது எதிர்ப்பக்க ராடைத் தாங்கிப் பிடிக்க மறக்காதீர்கள்.

புதியதை இறக்கும்போது எல்லா சீலும் புதிதாகவே இருக்கட்டும். பழைய சீல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். நட்டுகளை மேனுவலில் உள்ள வரிசைப்படி, படிப்படியாக டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

அடுத்தது ஈயக்கம்பிச் சோதனை. பிஸ்டன் தலைமேல் மெல்லிய ஈயக்கம்பியை வைத்து, கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கம்பி நசுங்கும். எடுத்து இரு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளந்தால் கிடைப்பதுதான் இடைவெளி. மேனுவலின் எல்லைக்குள் இருக்க வேண்டும்; இரு முனைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ராட் வளைந்திருக்கலாம், அல்லது பேக் சரியாக உட்காரவில்லை. மறுபடி தூக்குங்கள், வேறு வழியில்லை.

அளவு சரியானால் இஞ்செக்டர் டைமிங் வைத்து, தண்ணீர் நிரப்பி, ஏர் பாக்ஸில் கசிவு பார்த்துவிட்டு, லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். நிறுத்தி, ஆறவிட்டு, நட்டுகளை இன்னொரு தரம் சரிபாருங்கள்.