தடுப்பூசிப் பதிவைப் போனில் ஒழுங்காக வைத்திருப்பது எப்படி?

2009 இடப்பெயர்வில் வன்னியில் எத்தனையோ வீடுகளின் கிளினிக் கார்டுகள் தொலைந்துபோயின. உங்கள் பிள்ளையின் கார்ட் கையில் இருக்கும்போதே அதைப் போனில் ஏற்றிவிடுங்கள்.

அன்ட்ரொயிட்டில் கூகுள் டிரைவ், ஐபோனில் நோட்ஸ். இரண்டிலும் ஸ்கேன் வசதி இருக்கிறது. தடுப்பூசிப் பக்கத்தோடு பெயரும் பிறந்த திகதியும் உள்ள முதற்பக்கத்தையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். முதற்பக்கம் இல்லாவிட்டால் அது யாருடைய பதிவு என்றே தெரியாது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்; வெளிச்சம் பட்டு மினுங்கினால் பேனையால் எழுதிய தொகுதி இலக்கம் (ஊசி மருந்தின் பட்ச் நம்பர்) வாசிக்க வராது. வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்யுமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் எழுத்து மங்கிவிடும்.

அடுத்து கூகுள் ஷீட்ஸில் ஒரு அட்டவணை: பெயர், தடுப்பூசி, எத்தனையாவது தடவை, ஏற்றிய திகதி, தொகுதி இலக்கம், கிளினிக். ஒரு ஊசிக்கு ஒரு வரி. ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்ட் ஊசி 2, 4, 6 மாதங்களில் ஏற்றப்படுவதால் அதற்கு மூன்று வரிகள். அதே நாளில் கொடுத்த போலியோ சொட்டு மருந்துக்குத் தனி வரி. அதிகம் பிழையாவது திகதிதான். நாங்கள் 03/04/2019 என்று எழுதுவது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள ஷீட் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 2019-04-03 என்று எழுதினால் குழப்பமில்லை. கார்டில் இல்லாததை நினைவில் வைத்து நிரப்பவே வேண்டாம். வெறுமையாக விட்டு, குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரத்தில் சிக்னல் விட்டாலும் திறக்க, அந்தக் கோப்பை ஓஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

கனடா, ஐரோப்பாவிலிருந்து வரும் உறவினர்களின் கோவிட் சான்றிதழில் கியூஆர் குறி இருக்கும். சாதாரண ஸ்கேனரில் பிடித்தால் நீண்ட எழுத்துச் சரமே வரும். ‘எஸ்எச்சி’ (shc) என்று தொடங்கினால் கனடாவின் பல மாகாணங்கள் கொடுத்த ஸ்மார்ட் ஹெல்த் கார்ட். ‘எச்சி1’ (HC1) என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. புதிய ஐபோனின் ஹெல்த் செயலி இரண்டையும் வாசித்துச் சேமிக்கும். ஐரோப்பியச் சான்றிதழ் ‘காலாவதி’ என்று காட்டினால் பயப்பட வேண்டாம்: முடிந்தது டிஜிட்டல் கையொப்பத்தின் தவணை. ஏற்றிய ஊசியின் விபரம் உள்ளே அப்படியே இருக்கும்.

இந்தக் குறிகள் கையொப்பமிடப்பட்டவை, ஆனால் பூட்டப்பட்டவை அல்ல. பெயரையும் பிறந்த திகதியையும் அதற்குரிய செயலி உள்ள யாரும் ஸ்கேன் செய்து வாசிக்கலாம். குடும்பக் குழுவிலும் முகநூலிலும் போட்டுவிடாதீர்கள்.