தையல் இல்லாத ஆபரேஷனா? பசையை நம்பிச் செய்யும் தப்புகள்

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு நின்றால்தான் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஆபரேஷன் பேச்சே எழும். குடலிறக்கம், கண்ணில் வளர்ந்த சதை, எல்லாம் தை, மாசி வரை காத்துக்கிடக்கும். அப்போது டாக்டர் “பசை போட்டு ஒட்டிவிடலாம்” என்றால், தையல் இல்லையாம் என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எந்தப் பசை என்று கேட்பதில்லை. முதல் தப்பு அது.

தோலின் மேல் வெட்டை ஒட்டுவது சயனோஅக்ரிலேட், சூப்பர் க்ளூவுக்குப் பங்காளி முறை. உள்ளே போடுவது பெரும்பாலும் ஃபைப்ரின் பசை. மனித ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஃபைப்ரினோஜென், திராம்பின் என்ற இரண்டு உறைவுப் புரதங்களும் கலந்தவுடன், காயத்தில் ரத்தம் உறைவது போலவே வலை கட்டிக்கொள்ளும். இரண்டு வகைக்கும் அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. பிளாஸ்மாவில் கிருமி அழிக்கும் வேலையெல்லாம் செய்துதான் தருகிறார்கள், ஆனாலும் தொற்று அபாயம் சுத்தமாகப் பூஜ்யம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். சில வகைகளில் மாட்டுப் புரதம் இருக்கும். மாட்டுத் திராம்பின் ஒருமுறை பட்டவருக்கு உடம்பு அதை எதிர்த்து, அடுத்த ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போன சம்பவங்கள் உண்டு. அதனால் பழைய ஆபரேஷனையும் அலர்ஜியையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பசை ரத்தக் கசிவைக் குறைக்கும், சரி. அதற்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகள் சாப்பிடுவதைச் சொல்லாமல் போய்ப் படுக்கக் கூடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது. பெரிய ரத்தக்குழாய் பீறிட்டால் பசை தாங்காது, அந்தக் குழாயை நூலால் கட்டித்தான் ஆகவேண்டும்.

கண் சதை விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே அனுபவம் உண்டு. வெயிலிலும் புழுதியிலும் நிற்கிறவர்களுக்கு வருகிற இந்தச் சதையை எடுத்துவிட்டு, அதே கண்ணின் வேறு இடத்திலிருந்து மெல்லிய ஜவ்வை எடுத்து ஃபைப்ரின் பசையால் அங்கே ஒட்டுவார்கள். தையலைவிட நேரம் குறைவு, உறுத்தல் குறைவு, சதை திரும்ப வளர்வதும் குறைவு. ஆனால் ஒட்டு நகர்ந்துவிடலாம். பெரியப்பா மூன்றாம் நாளே வைக்கோல் கட்டுகிற மெஷின் பக்கத்தில் போய் நின்று, தூசி விழுந்ததும் துண்டால் நறுக்கென்று கண்ணைக் கசக்கினார். ஒட்டு விலகிப்போய், எந்தத் தையலுக்குப் பயந்தாரோ அதையே போட வேண்டியதாயிற்று.

தோலில் ஒட்டியிருந்தால் கதை வேறு. வீட்டில் யாராவது ஒருவர் தேங்காய் எண்ணெயோடு வந்து நிற்பார். எண்ணெய், களிம்பு எதுவும் படக்கூடாது, பசை இளகிக் காயம் திறந்துகொள்ளும். டாக்டர் அனுமதித்தால் லேசாகத் தண்ணீர் ஊற்றித் துடைக்கலாம். ஆற்றில் முங்குவதும் பம்புசெட் தொட்டியில் ஊறுவதும் வேண்டவே வேண்டாம். ஐந்திலிருந்து பத்து நாளில் பசை தானாக உரியும், அதற்குள் நகத்தால் பிய்க்காதீர்கள். சுற்றிலும் அரிப்பு, கொப்புளம் என்றால் அது பசை அலர்ஜியாக இருக்கலாம். மஞ்சள் பூசிப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அரிவாள் பட்ட விரலில் கடையில் வாங்கிய சூப்பர் க்ளூவை ஊற்றுகிற வீரர்கள் நம் ஊரில் உண்டு. அது சதையைச் சுடும், வயல் சேற்றையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடும். டெட்டனஸ் ஊசிக்குப் போங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பசையின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். பெரியப்பாவின் சீட்டு இப்போது பட்டா, சிட்டாவோடு அதே மஞ்சள் பையில் இருக்கிறது.