தொடர்மாடி வட்ஸ்அப் குரூப்: வதந்தி நுழையாமலும் அயலவர் விவரம் வெளியே போகாமலும் நடத்துவது எப்படி

"நாளை காலை முதல் 24 மணி நேரம் தண்ணீர் வெட்டு. எல்லோருக்கும் அனுப்பவும்."

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடிக் குரூப்பில் இந்த ஒரு வரி விழுந்தால் போதும். அரை மணித்தியாலத்தில் எல்லா மாடியிலும் வாளியும் பீப்பாயும் நிரம்பிவிடும். மொட்டை மாடியில் உள்ள தாங்கி வற்றிவிடும். வெட்டே இல்லாத நாளில் தண்ணீர் இல்லாமல் போவது இப்படித்தான். செய்தியின் கோளாறு 'நாளை' என்ற சொல்லில் இருக்கிறது. திகதி இல்லாத அறிவித்தல் பழசாவதே இல்லை. போன வருடம் உண்மையாக இருந்தது இந்த வருடமும் 'நாளை' என்றே வாசிக்கப்படும்.

வட்ஸ்அப்பில் போகும் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டவை. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும், அந்த நிறுவனமும் கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்க முடியாது. அந்தரங்கத்துக்கு அது பெரிய காவல். ஆனால் அதே காரணத்தால் பொய்ச் செய்தியை மேலிருந்து எவரும் தடுக்கப்போவதில்லை. கதவு என்று ஒன்று இருந்தால் அது அட்மின்தான். அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவருக்கானது இந்த வழிகாட்டி.

முதலில் அறிவித்தலையும் அரட்டையையும் பிரியுங்கள்

ஒரே குரூப்பில் லிஃப்ட் பழுது, பிறந்தநாள் வாழ்த்து, வெள்ள எச்சரிக்கை எல்லாம் கலந்து வந்தால் முக்கியமானது புதைந்துபோகும். வட்ஸ்அப்பில் 'கொமியூனிட்டி' ஒன்றைத் தொடங்கினால் அதனுடன் அறிவித்தல் குரூப் ஒன்று தானாக உருவாகும். அதில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம். அதைவிடப் பெரிய நன்மை, அங்கே உறுப்பினர்களின் தொலைபேசி இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அட்மினுக்கும், ஏற்கெனவே இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவருக்கும்தான் தெரியும். தனியாக வாடகைக்கு இருக்கும் பெண்கள், இலக்கம் வெளியே போகிறது என்பதற்காகவே குரூப்பில் சேரத் தயங்குவதுண்டு. அவர்களையும் உள்ளே கொண்டுவர இதுதான் வழி. அரட்டைக்கு வேறு குரூப் வையுங்கள். அங்கே இலக்கங்கள் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, விரும்பியவர்களை மட்டும் சேருங்கள்.

அடுத்து, குரூப் பெயரைத் தட்டி 'குரூப் பெர்மிஷன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மற்றவர்களைச் சேர்க்கும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். புதிய உறுப்பினரை அட்மின் அங்கீகரிக்க வேண்டும் என்பதை இயக்குங்கள். சேரும் லிங்க்கை லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தால் அல்லது முகநூலில் போட்டிருந்தால் உடனே 'ரீசெட் லிங்க்' செய்யுங்கள், பழையது செத்துவிடும். இரண்டு அல்லது மூன்று அட்மின்கள் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்து அவர் தூங்கும் நேரத்தில் வதந்தி வந்தால் காலைவரை அது நின்று கூத்தாடும். அவர்களில் சிங்களம் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். காரணம் கீழே வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் பட்டியலை வீட்டு இலக்கத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு மாறிப்போன வாடகைக்காரர், இடையில் வந்துபோன தரகர், முன்னர் வேலை செய்த காவலாளி என்று எப்போதும் சிலர் தங்கியிருப்பார்கள்.

ஃபோர்வர்ட் வந்தால் என்ன பார்ப்பது

செய்தியின் மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் வேறெங்கிருந்தோ வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் எழுத்தைக் கொப்பி எடுத்துப் புதிதாக ஒட்டினால் அம்புக்குறி உதிர்ந்துவிடும். ஆகவே குறி இல்லை என்பதால் அனுப்பியவரே கண்டு எழுதியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நீங்கள் நேரில் பார்த்தீர்களா, உங்களுக்கு வந்ததா?' என்று கேளுங்கள். குரூப்பில் கேட்க வேண்டாம். தனிச் செய்தியில் கேளுங்கள். சபையில் கேட்டால் மானப் பிரச்சினையாகி, மனிதர் பொய்யைக் காப்பாற்றவே நிற்பார்.

கொழும்பில் அடிக்கடி சுற்றும் செய்திகளைச் சரிபார்க்க ஓர் அழைப்பு போதும். தண்ணீர் என்றால் நீர் வழங்கல் சபையின் 1939. மின்சாரம் என்றால் 1987. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. களனி கங்கை பெருகும் நாட்களில் நாகலகம் வீதி அளவுகோலின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும். 'அணை உடைந்துவிட்டதாம்' என்று ஒருவர் எழுதும்போது, அந்த அளவையும் அளந்த நேரத்தையும் சேர்த்துப் போடுவதுதான் சரியான பதில். நேரம் இல்லாத நீர்மட்டம் நேற்றையதாகவும் இருக்கலாம்.

படம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். முதலில் வரும் முடிவைப் பார்த்து நிறுத்தாமல், மிகப் பழையது எது என்று தேடுங்கள். இன்று நடந்ததாகச் சொல்லப்படும் படம் மூன்று வருடத்துக்கு முன் வேறொரு நாட்டுச் செய்தியில் இருந்தால் அதோடு கதை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது உண்மை என்று ஆகாது. படத்தைத் திருப்பி வைத்தோ ஓரம் வெட்டியோ இருந்தால் தேடலில் சிக்காமல் போகும். வீடியோவில் கடைப் பலகை, பஸ் இலக்கம், வாகன இலக்கத் தகடு தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தேடுங்கள். உண்மைச் சரிபார்ப்புத் தளமான ஃபக்ட் கிரசெண்டோவின் இலங்கைப் பிரிவு தமிழிலும் சரிபார்ப்புகளை வெளியிடுகிறது. முக்கிய சொல் இரண்டைப் போட்டு அங்கும் பாருங்கள்.

குரல் பதிவுதான் மிகவும் கெட்டது. அழுகிற குரல், பெயர் இல்லை, திகதி இல்லை, தேடவும் முடியாது. 'குரலில் வரும் எச்சரிக்கையை அனுப்புபவர் அதன் சாரத்தை இடம், நாள், யார் சொன்னது என்று இரண்டு வரியில் எழுத வேண்டும்' என்று குரூப் விதியிலேயே சேருங்கள். எழுத உட்கார்ந்ததும் தன்னிடம் அந்த மூன்றும் இல்லை என்பது அவருக்கே விளங்கிவிடும்.

கொழும்புத் தமிழருக்கே உரிய இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று மொழி. அரச சுற்றறிக்கை சிங்களத்தில் இருக்கும். யாரோ அவசரத்தில் தமிழாக்கிய நான்கு வரிதான் நம் கைக்கு வரும். இடையில் 'கோரப்படுகிறார்கள்' என்பது 'கட்டாயம்' ஆகியிருக்கும், ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கான அறிவித்தல் முழுக் கொழும்புக்கும் ஆகியிருக்கும். மூலக் கடிதத்தின் படத்தைக் கேளுங்கள். சிங்களம் தெரிந்த அட்மின் திகதியையும் பிரிவின் பெயரையும் வாசிக்கட்டும். மற்றது, வெளிநாட்டு உறவுகள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தி நம்மேல் உள்ள பதற்றத்தில்தான் அனுப்புகிறா. 'அங்கே ஊரடங்காம், பிள்ளைகளை வெளியே விடாதே' என்று நள்ளிரவில் வரும் செய்தியை, சன்னலைத் திறந்து தெருவைப் பார்க்காமல் குரூப்பில் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கவனம்

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டுத்தன்மை ஏற்படுத்தும் மாத்திரை இருந்ததாக வீடியோ ஒன்று பரவியது. கடை தாக்கப்பட்டது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது, அது மாத்திரையே அல்ல, மாக்கட்டி. சில நாட்களில் கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. மார்ச் 7 அன்று அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறையில் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. மாக்கட்டி ஒன்றுக்கு மனிதர்கள் கொடுத்த விலை அது.

முகநூலில் ஆபத்து வேறு வடிவில் வரும். எதை யாருக்குக் காட்டுவது என்பதை அங்கே நிரல் தீர்மானிக்கிறது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, கருத்துகளும் பகிர்வுகளும் அதிகம் பெறும் பதிவுகளுக்கு முன்னிடம் கிடைத்தது. நீங்கள் கோபத்தில் 'இது பொய்' என்று எழுதும் கருத்தும் ஒரு கருத்துதான். பதிவு இன்னும் மேலே போகும். எனவே அங்கே சண்டை பிடிக்காமல் மூன்று புள்ளியைத் தட்டி ரிப்போர்ட் செய்யுங்கள். எச்சரிக்க வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷொட்டின் குறுக்கே பெரிதாகப் 'பொய்' என்று எழுதி அந்தப் படத்தைப் போடுங்கள். மூலப் பதிவின் லிங்க்கைக் கொடுக்காதீர்கள்.

பொய் ஏற்கெனவே விழுந்துவிட்டால்

அட்மின் எந்த உறுப்பினரின் செய்தியையும் எல்லோருக்கும் அழியும்படி நீக்கலாம். ஆனால் சுமார் இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும். படம் பலரின் கலரியில் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம், அதை உங்களால் அழிக்க முடியாது. அதனால் நீக்கினால் மட்டும் போதாது, திருத்தமும் போட வேண்டும். திருத்தத்தை உண்மையில் தொடங்குங்கள்: 'இன்று 14 சனி, கொழும்பு 6இல் நீர்வெட்டு இல்லை. காலை 9.20க்கு 1939இல் கேட்டு உறுதி செய்தோம்.' 'நீர்வெட்டு என்று பரவும் செய்தி...' என்று தொடங்கினால் அரைக்கண்ணால் வாசிப்பவர் மனதில் நீர்வெட்டு மட்டுமே நிற்கும்.

ஒரு வேண்டுகோள். முகாமைத்துவக் கணக்கைப் பற்றியோ பராமரிப்புப் பணத்தைப் பற்றியோ வரும் முறைப்பாட்டை 'வதந்தி' என்று நீக்காதீர்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டி உறுப்பினர்களை மிரட்டவும் வேண்டாம். பொய்க் கூற்றைப் பரப்புவதை அது குற்றமாக்கியது உண்மை. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அதன்மீது கடும் விமர்சனம் உள்ளதும் உண்மை. பயந்த குரூப்பில் தீ பிடித்தாலும் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

வெளியே போகக் கூடாதவை

அடையாள அட்டைப் படம், நுழைவாயில் பூட்டின் இரகசிய இலக்கம், 'பத்து நாள் யாழ்ப்பாணம் போகிறோம்' என்ற தகவல், பிள்ளைகளின் பாடசாலை நேரம். இவை எதையும் குரூப்பில் போட வேண்டாம். சிசிடிவியில் தெரிந்த அந்நியரின் முகத்தை 'பிள்ளை பிடிப்பவன்' என்று போடுவது இன்னும் மோசம். அவர் மீட்டர் பார்க்க வந்தவராக இருக்கலாம். சந்தேகம் என்றால் பதிவை வைத்துக்கொண்டு பொலிஸின் 119க்கு அழையுங்கள். குரூப் விவரப் பக்கத்தில் உள்ள மேம்பட்ட அரட்டை அந்தரங்க வசதியை இயக்கினால் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்வதும் படங்கள் தானாகக் கலரியில் இறங்குவதும் நிற்கும். ஸ்கிரீன்ஷொட் எடுப்பதை அது தடுக்காது.

அயலவரின் கணக்கு திருடப்பட்டால்

'உங்களுக்குத் தவறுதலாக ஒரு குறியீடு வந்திருக்கும், அனுப்புங்கள்' என்று தெரிந்த ஒருவரின் பெயரில் செய்தி வரும். அந்த 6 இலக்கத்தைக் கொடுத்தால் கணக்கு போய்விடும். அடுத்த மணித்தியாலத்தில் உங்கள் பெயரில் குரூப் முழுவதும் பணம் கேட்பார்கள். செய்ய வேண்டியது: அட்மின் அந்த இலக்கத்தை உடனே குரூப்பிலிருந்து நீக்கி, மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். பறிகொடுத்தவர் தன் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து அதே இலக்கத்தைப் பதிந்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புதிய குறியீட்டை இட வேண்டும், திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் (PIN) இலக்கம் போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க நேரும், ஆனால் அந்த 7 நாளும் அவனும் உள்ளே வர முடியாது. உதவிக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101. இதெல்லாம் நேராமல் இருக்க, செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதிக்குப் போய் அந்த 6 இலக்கப் பின்னை இன்றே நீங்களே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, தளங்களே முடங்கும் நாளுக்கும் ஆயத்தம் வேண்டும். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இங்கே அது நடந்தது. அன்று முடக்கத்தைச் சுற்றிப்போக உதவும் இலவச விபிஎன் செயலிகளைத் தேடி ஓட வேண்டாம். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் யாரென்று தெரியாத ஒருவரின் கை வழியே போகும். மாடிக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்து, அவர்களின் இலக்கங்களைக் கடதாசியில் எழுதிக் காவலாளியின் மேசைக் கண்ணாடிக்குள் அல்ல, லாச்சிக்குள் வையுங்கள். கண்ணாடிக்குக் கீழே வைத்தால் சாப்பாடு கொண்டுவரும் பையனிலிருந்து எல்லோரும் படம் எடுக்கலாம்.