பைனல் பான்டசி 14: கைவினை மக்ரோ தடுமாறினால் எங்கே தேடுவது?

பைனல் பான்டசி 14 என்ற இணைய விளையாட்டில் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கைவினை மக்ரோ (பொருள் செய்யும் செயல்களை வரிசையாகத் தானே நிறைவேற்றும் கட்டளைத் தொகுப்பு) இன்று தரம் குறைந்த பொருளைத் தந்தால், பலரும் முதலில் அதன் கடைசி வரிகளைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரு வரி நிறைவேறாமற் போனாலும் மக்ரோ நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவதால், நடுவில் தவறிய ஒரு செயலின் விளைவு பல படிகள் கடந்த பின்னரே கண்ணிற் படுகிறது. ஆகவே தேட வேண்டியது முதலாவதாகத் தவறிய வரியையே.

அதற்கு ட்ரயல் சிந்தசிஸ் என்ற பயிற்சி முறையைத் திறவுங்கள். அதில் மூலப்பொருள் எதுவும் செலவாகாது. மக்ரோவை ஒருமுறை ஓடவிட்டு, அரட்டைப் பெட்டியில் பதிவாகும் செயல்களை மக்ரோவின் வரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், எந்தச் செயல் பதிவாகவில்லை என்பது தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து விளையாடுவோர் முதலில் ஐயுற வேண்டியது காத்திருப்பு நேரத்தை, அதாவது ஒரு வரிக்குப் பின் அடுத்த வரிக்குப் போகுமுன் மக்ரோ காத்திருக்கும் விநாடிகளை. இவ்விளையாட்டின் உலகப் பதிப்புக்கான தரவு மையங்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா ஆகிய பகுதிகளிலேயே உள்ளன. எதைத் தெரிவு செய்தாலும் நமக்குத் தூரந்தான்; அதனால் செயல்கள் பதிவாகச் சற்றுத் தாமதமாகும். பொருளை வனையும் செயல்களுக்கும் தரத்தைக் கூட்டும் செயல்களுக்கும் 3 விநாடி, வெனரேஷன், இனோவேஷன் போன்ற துணைச் செயல்களுக்கு 2 விநாடி என்பது வழமையான கணக்கு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் ஒருவர் பின்னேரத்தில், எல்லோரும் இணையத்தில் இருக்கும் வேளையில், கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை நம்பி விளையாடினால், அந்த 2 விநாடி போதாமற் போகலாம். முந்திய செயல் முடியுமுன் அடுத்த வரி வந்துவிட, அது வெறுமனே கைவிடப்படும். இனோவேஷன் நான்கு படிகளுக்குத்தான் நிலைக்கும் என்பதால், அது ஒன்று தவறினாலே தொடரும் தர உயர்வு முழுவதும் மெலிந்துவிடும். எல்லா வரிகளுக்கும் 3 விநாடி கொடுத்துவிடுவதே என் பரிந்துரை. ஒரு பொருளுக்குச் சில விநாடிகள் கூடுவதால் பெரிய நட்டமில்லை.

அடுத்தது, விளையாட்டினுள் உங்கள் பாத்திரம் உண்ணும் உணவு. முதல் சில பொருள்கள் சரியாக வந்து, அதன் பிறகு தரம் விழுந்தால், வேறெங்கும் தேடுமுன் இதைப் பாருங்கள். உணவின் பயன் பொதுவாக 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனோடு அது கூட்டித் தந்த சிபி புள்ளிகளும் (கைவினைச் செயல்களுக்குச் செலவாகும் புள்ளிகள்) போய்விடும். இறுதியில் வரும், தரத்தைக் கூட்டும் செயலான பைரெகொட்ஸ் பிளெஸ்ஸிங் 24 புள்ளிகளைக் கேட்கும்; கையில் 20 மட்டும் இருந்தால் அது நடக்காது. ஆனால் அதற்கடுத்த வரி பொருளை முடித்துவிடும், விலைபோகாத சாதாரணப் பொருளாக. உபகரணத்தின் தேய்மானத்தையும் கூடவே பாருங்கள். அது பூச்சியத்தைத் தொட்டால் அதன் பலன்கள் அற்றுப்போகும்.

நண்பர் வட்ஸ்அப்பில் அனுப்பிய மக்ரோ தொடக்கத்திலிருந்தே ஓடவில்லையெனின், மேற்கோள் குறிகளை அழித்துவிட்டு மீண்டும் தட்டச்சிடுங்கள். கைத்தொலைபேசி நேர்க்குறியை வளைந்த குறியாக மாற்றியிருக்கக்கூடும். செயல்களின் பெயர்கள் உங்கள் விளையாட்டு இயங்கும் மொழியில் இருப்பதும் அவசியம். மசில் மெமரி என்ற செயல் முதற்படியில் மட்டுமே செல்லும், ஆகவே அதற்கு முன் வேறெந்தச் செயலையும் வைக்க வேண்டாம்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் தரம் குறைந்தால் மக்ரோவைக் குற்றஞ்சொல்ல இயலாது. பொருளின் நிலை மோசமாகும் படியில் தர உயர்வு பாதியாகிறது, மக்ரோவுக்கோ அந்த நிலையைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாது. கணக்கிலேயே சற்று மிகுதி வைத்துக்கொள்வதுதான் வழி.

ஒரு மக்ரோவில் 15 வரிகளே அடங்கும் என்பதால் நீண்ட செய்முறைகளை இரண்டாகப் பிரிக்க நேரும். முதலாவது முடியுமுன் இரண்டாவதை அழுத்தினால் முதலாவது பாதியில் அறுந்துவிடும். இதைத் தவிர்க்க முதல் வரியில் மக்ரோப் பூட்டுக் கட்டளையையும், கடைசி வரியில் ஒலி எழுப்பும் கட்டளையையும் இடுங்கள்; செயல்களுக்கு 13 வரிகள் மிஞ்சும்.