கீமோ அசதி: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கீமோவுக்காக, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சைக்காக, வேலூருக்கு பஸ் ஏறுகிறவர்கள் வீட்டில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு: "ரத்தம் கம்மியா இருக்கு, அதான் அசதி." இது பாதிதான் சரி.

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ மருந்து தாக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் அந்த வகைதான். ஆனால் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அசதியோ முதல் கீமோ முடிந்த சில நாளிலேயே ஆளைக் கட்டிலில் தள்ளிவிடும். அப்போது ரத்தத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. மருந்தால் செல்கள் சிதையும்போது உடல் இன்டர்லியூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதங்களை, சுரக்கிறது. அவை மூளைக்குச் சேதி அனுப்பி நம்மைச் சுருண்டு படுக்க வைக்கின்றன, காய்ச்சலில் நடப்பதுபோலவே. தசை செல்களுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அடிபடலாம். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும். அதை நிறுத்தியதும் உடம்பு தளர்ந்துபோகும்.

ஆகவே, மாதுளை, பீட்ரூட், ஆட்டு ஈரல் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடவும் வேண்டாம். இரும்பு குறையாதவருக்கு அதில் பலன் இல்லை, மலச்சிக்கல்தான் மிச்சம்.

பாசத்தில் செய்யும் பெரிய தவறு இன்னொன்று: "நீ எழுந்திருக்காதே, படு." படுத்தே கிடந்தால் தசை கரையும், அசதி இன்னும் ஏறும். இந்த அசதிக்கு நல்ல ஆதாரம் உள்ள வழிகளில் முன்னால் நிற்பது உடற்பயிற்சிதான். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பத்து நிமிட நடையில் தொடங்கலாம். கத்திரி வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். தெருவுக்குப் போக முடியாவிட்டால் கூடத்துக்குள்ளேயே நடக்கலாம்.

"கீமோன்னா அப்படித்தான் இருக்கும்" என்று டாக்டரிடம் சொல்லாமல் வருவதும் தவறு. தைராய்டு குறைவு, வலி, மனச்சோர்வு எல்லாம் அசதியைக் கூட்டும்; அவற்றுக்கு மருத்துவம் உண்டு. "போன வாரம் மாடி ஏறினேன், இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன்" என்று விவரமாகச் சொல்லுங்கள்.

அப்புறம், உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் பொதுவாகத் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு மிகவும் இறங்கும். அப்போது வரும் தொற்றையும் அசதி என்றே நினைத்துவிடுவார்கள். வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்காமல், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.