ஃபேனில் இருக்கும் காற்று ஃபேஸில் இருக்காது: சுரங்கக் காற்றோட்டப் பொறியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலக்கரிச் சுரங்கமோ, மலையைக் குடையும் ரயில் சுரங்கப்பாதையோ, காற்றோட்டப் பொறியாளரின் வேலை ஒன்றுதான். பாறையை ஒட்டி நின்று துளை போடுகிற ஆளுக்கு நல்ல காற்று போய்ச் சேர வேண்டும். அந்தக் கடைசி இடத்தைத் தளத்தில் எல்லோரும் ஃபேஸ் என்பார்கள். இத்துறையில் புதிதாகச் சேருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஓரிடத்திலிருந்தே கிளம்புகின்றன: ஃபேனில் இருக்கிற எண்ணை ஃபேஸில் இருக்கிற எண்ணாக நம்பிவிடுவது.

தகட்டில் எழுதியிருப்பதை நம்புவது

ஃபேனின் தகட்டில் நொடிக்கு 40 கன மீட்டர் என்று இருக்கும். மாத அறிக்கையிலும் 40 என்றே ஏறும். நடுவில் இரண்டு கிலோமீட்டர் துணி டக்ட், அதாவது காற்றைக் கொண்டுபோகும் குழாய், தொங்குவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிப்பரின் மேல்விளிம்பு உரசிய கிழிசல், பிளாஸ்டிங்கில் (பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதில்) பறந்த கல் போட்ட ஓட்டை, ஜிப் சரியாக மூடாத இணைப்பு என ஒவ்வொன்றிலும் காற்று கசியும். 40 புறப்பட்டு 20கூடச் சேராத டக்ட்டுகள் அபூர்வமல்ல.

இதைவிட நுட்பமான தவறு, அளப்பதைத் தவறான இடத்தில் அளப்பது. வெளியிலிருந்து காற்றைத் தள்ளும் முறையில், டக்ட்டில் கசிந்த காற்றெல்லாம் சுரங்கப்பாதைக்குள்ளேயே விழுந்து, திரும்பி வரும் காற்றோடு சேர்ந்து வாசலுக்கு வருகிறது. ஆகவே போர்ட்டல் என்கிற அந்த வாசல் அருகே நின்று அளந்தால் கசிவும் சேர்ந்த முழுக் கணக்கு கிடைக்கும். எண் அழகாக இருக்கும், ஆனால் ஃபேஸில் இருப்பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. டக்ட் முனையிலிருந்து வாசல் பக்கமாகச் சில பத்து மீட்டர் தள்ளி, டக்ட்டின் பீச்சல் அடங்கிக் காற்று சீராக ஓடும் இடத்தில் அளக்க வேண்டும்.

அளக்கும் முறை இது. காற்றின் வேகம் காட்டும் அனிமோமீட்டரைக் கம்பியில் மாட்டி, கையை முழுதாக நீட்டி, உடம்பு காற்றை மறைக்காதபடி பக்கவாட்டில் நில்லுங்கள். குறுக்குவெட்டு முழுவதையும் கோலம் போடுவதுபோல் மேலும் கீழுமாக, ஒரே வேகத்தில், 60 நொடியில் கடந்து முடியுங்கள். நடுவில் மட்டும் பிடித்தால் வேகம் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் சுவரை ஒட்டிய காற்று மெதுவாகத்தான் போகும். மூன்று முறை எடுத்து, ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் மறுபடி எடுங்கள். கருவியோடு வந்த திருத்த அட்டையைப் பாருங்கள். பரப்பை வரைபடத்திலிருந்து எடுக்காமல் டேப் பிடித்து அளங்கள். வரைபடத்தில் 60 சதுர மீட்டர் என்றிருக்கும் இடத்தில் டக்ட், குழாய்கள், குவிந்த மக் (உடைத்த பாறைத் துண்டுகள்) எல்லாம் போக 54 இருக்கலாம். சராசரி வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் என்றால் வருவது 16.2 கன மீட்டர்தான். 40 அல்ல. பிறகு ஒவ்வொரு 200 மீட்டரிலும் இதையே செய்துகொண்டு வாசலை நோக்கி வந்தால், எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அங்கேதான் கிழிசல்.

எவ்வளவு காற்று என்பதை ஆள் கணக்கில் மட்டும் போடுவது

ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர் என்பது இந்திய நிலக்கரிச் சுரங்க விதி. அதிலேயே, ஒரு நாள் உற்பத்தியில் டன்னுக்கு நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர் என்று இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டில் எது பெரிதோ அதுதான் செல்லும். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சுரங்கப்பாதைக்கு வருபவர்கள் 30 பேருக்கு நொடிக்கு 3 கன மீட்டர் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே காற்றைத் தின்பது டீசல் எந்திரம். பல நாடுகளில் கிலோவாட்டுக்கு நொடிக்கு 0.05 முதல் 0.06 கன மீட்டர் வரை கேட்கிறார்கள். 220 கிலோவாட் லோடர் ஒன்றும் 300 கிலோவாட் டிப்பர் இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் 820 கிலோவாட். 0.06 வீதம் 49 கன மீட்டர் வேண்டும். அது டக்ட் முனையில் வேண்டும்.

பற்றாக்குறைக்கு இன்னொரு ஃபேன் வாங்குவது

காற்று போதவில்லை என்றால் முதலில் கைவைக்க வேண்டியது டக்ட்டில். டக்ட்டின் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக மாறும். அதே காற்றை 1.2 மீட்டர் டக்ட்டுக்குப் பதிலாக 1.4 மீட்டர் டக்ட்டில் அனுப்பினால் தேவைப்படும் அழுத்தம் பாதிக்கும் கீழே, சுமார் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃபேன் வழியாக வழி தேடினால் கணக்கு தலைகீழ். அழுத்தம் காற்றின் அளவுக்கு வர்க்கமாகவும், மின்சக்தி மும்மடியாகவும் ஏறும். 20 சதவீதம் கூடுதல் காற்றுக்கு 73 சதவீதம் கூடுதல் மின்சாரம். தொடக்கத்தில் டிப்பர் இடிக்குமே என்று சின்ன டக்ட் வாங்கிய தளங்கள், அந்தச் சிக்கனத்துக்கு வேலை முடியும்வரை மின்கட்டணம் கட்டுகின்றன.

இரண்டாவது ஃபேன் வேண்டியே இருந்தாலும், நீண்ட ஒரே டக்ட்டில் இரண்டை இணையாக மாட்டினால் பெரிதாக ஒன்றும் கூடாது. தடை அதிகமான இடத்தில் தொடராக வைத்தால்தான் பலன். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பூஸ்டர் எனப்படும் அந்த இரண்டாவது ஃபேனை டக்ட்டின் நடுவே வெகுதூரம் தள்ளி வைத்தால், முதல் ஃபேனின் அழுத்தம் அங்கே வருமுன் தீர்ந்து போயிருக்கும். பூஸ்டர் உறிஞ்சத் தொடங்கியதும் அதற்கு முன்னாலுள்ள துணி டக்ட் உள்ளே இழுபட்டு, உறிஞ்சுகுழாய் சப்பியதுபோல் ஒட்டிக்கொள்ளும். துணி படபடவென்று அடிக்கும், இணைப்பு வளையங்கள் கோணலாகும், சில நாளில் தையல் விடும். பூஸ்டருக்கு முன்னால் டக்ட் கையால் அழுத்தினாலும் விறைப்பாக இருக்க வேண்டும். அழுத்தமானியில் அந்த இடம் எப்போதும் நேர்க்குறியில் நிற்க வேண்டும்.

டக்ட் முனை ஃபேஸிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் விட்டுவிடுகிறார்கள். தள்ளும் முறையில் பீச்சல் எட்டுவது குறுக்குவெட்டுப் பரப்பின் வர்க்கமூலத்தைப் போல சுமார் ஐந்து மடங்கு. 60 சதுர மீட்டருக்கு அது 39 மீட்டர். டக்ட் வழியாகக் கெட்ட காற்றை வெளியே இழுக்கும் உறிஞ்சும் முறையிலோ வர்க்கமூலத்தின் அளவேதான், எட்டு மீட்டர்கூட வராது. ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர் முன்னேறும் தளத்தில், டக்ட் நீட்டுவதை ஐந்து சுற்று தள்ளிப்போட்டால் ஃபேஸில் காற்று செத்துக் கிடக்கும்.

போன காற்றே திரும்பி வருவது

ஃபேனைப் போர்ட்டலுக்கு மிக அருகில் வைத்தால், வெளியே வரும் கெட்ட காற்றை அது மறுபடி உள்ளே தள்ளும். காற்று வீசும் திசை மாறும் மாலையில்தான் இது தெரியவரும். ஜெனரேட்டரை ஃபேன் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவது இன்னொரு பழக்கம். அதன் புகை முழுவதும் நேராக ஃபேஸுக்குப் போகும். சுரங்கத்துக்குள் துணை ஃபேன் வைக்கும்போது, அந்த இடத்தைக் கடந்து போகும் காற்று ஃபேன் இழுப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். காற்று போகும் திசையைக் காட்டும் சோதனைப் புகைக்குழாயில் ஒரு சிட்டிகை புகை விட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரியும்.

பிளாஸ்டிங் புகை: ஃபேஸ் தெளிந்தால் பாதை தெளிந்ததாக நினைப்பது

இந்தத் தவறுக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரும். ஒரு கணக்கு பாருங்கள். 60 சதுர மீட்டர் பாதையில் புகை 100 மீட்டருக்கு நிறைந்தால் 6,000 கன மீட்டர். உண்மையிலேயே 30 கன மீட்டர் காற்று போய்ச் சேர்ந்தால், கார்பன் மோனாக்சைடு 1,500 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) 30க்கு இறங்க சுமார் 13 நிமிடம் ஆகும். ஃபேஸ் அதற்குள் சுத்தமாகிவிடும். ஆனால் அந்தப் புகை எங்கும் போய்விடவில்லை. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வாசலை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் பாதையில் அது வெளியேற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். 20 நிமிடத்தில் உள்ளே போகும் குழு, சுத்தமான ஃபேஸுக்குப் போகும் வழியில் புகைக்குள் நேராக நுழைகிறது. ஆகவே மீட்டர் முன்னால் போக வேண்டும், ஆட்கள் பின்னால் வர வேண்டும்.

பழுப்பு நிறமாகத் தெரிவது நைட்ரஜன் டை ஆக்சைடு. அது தெரிகிறது, மூக்கிலும் எரிகிறது. தண்ணீர் தெளித்தால் ஓரளவு அடங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தண்ணீரிலும் அடங்காது. மக் குவியலுக்குள் தங்கி, லோடர் அள்ள அள்ள வெளியே வரும். எனவே மக் அள்ளும் முதல் அரைமணி நேரமும் மீட்டர் லோடர் ஓட்டுநரின் சட்டையில் இருக்க வேண்டும்.

‘இது கல் பாறை, வாயு இருக்காது’

1971 ஜூன் 24 அன்று கலிஃபோர்னியாவின் சில்மாரில் ஒரு தண்ணீர்ச் சுரங்கப்பாதையில் மீத்தேன் வெடித்து 17 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே தீப்பற்றி நால்வர் காயமடைந்திருந்தும் வேலை தொடர்ந்தது. 1984 மே 23 அன்று இங்கிலாந்தின் ஆபிஸ்டெட்டில், தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கப்பாதையின் வால்வு அறையைப் பார்க்க வந்த ஊர்மக்கள் உள்பட 16 பேர் இறந்தார்கள். ஓட்டம் நின்று வெறுமையாகக் கிடந்த பாதையில் மீத்தேன் சேர்ந்திருந்தது. பம்ப்பை ஓட்டியதும் தண்ணீர் அதை வால்வு அறைக்குள் தள்ளிவிட்டது. இரண்டும் நிலக்கரிச் சுரங்கங்கள் அல்ல.

மீத்தேன் காற்றைவிட இலேசானது. கூரையை ஒட்டிப் படலமாக ஓடும். இடுப்பில் மாட்டிய மீட்டர் பூஜ்யம் காட்டும்போதே தலைக்கு மேலே வெடிக்கும் அளவில் இருக்கலாம். 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். குச்சியில் மாட்டி, கூரைக் குழிகளில் அளங்கள். கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். எரியவைத்து அளக்கும் பெல்லிஸ்டர் சென்சாருக்கு ஆக்சிஜன் வேண்டும். வாயு மிக அதிகமானால் ஏறிய முள் தானாக இறங்கிவிடும். இறங்கியது என்று உள்ளே போகக் கூடாது. சிலிக்கோன் ஸ்ப்ரே பட்டாலும் அந்த சென்சார் கெட்டுப்போகும்.

விடுமுறை நாளில் ஃபேனை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை முழு வேகத்தில் ஓட்டுவதும் ஆபிஸ்டெட் பம்ப் செய்த வேலையேதான். தேங்கிய வாயு ஒரே கட்டியாக ஆட்களையும் மின்கருவிகளையும் நோக்கி வரும். வழியிலுள்ள மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களை வெளியேற்றி, குறைந்த வேகத்தில் தொடங்கி, திரும்பும் காற்றை அளந்துகொண்டே ஏற்ற வேண்டும்.

வெப்பமும் உயரமும்

தெர்மாமீட்டரின் வறண்ட அளவை மட்டும் எழுதுவது பயனற்றது. வியர்வை உலருமா என்பதை, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் ஈரக்குமிழ் அளவுதான் சொல்லும். இந்திய விதிப்படி அது 33.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, 30.5ஐத் தாண்டினால் காற்று நொடிக்கு ஒரு மீட்டராவது ஓட வேண்டும். இரண்டு தெர்மாமீட்டர்களும் மாட்டிய கருவியைச் சுழற்றி நிறுத்தியதும் ஈரக்குமிழை முதலில் படியுங்கள், அதுதான் உடனே ஏறத் தொடங்கும். ஆழத்தில் இறங்கும் காற்று தன் எடையாலேயே அமுங்கி, ஈரம் சேராவிட்டால் கிலோமீட்டருக்கு 10 டிகிரிக்கு நெருக்கமாகச் சூடாகும். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன கோலார் தங்கவயலில், தலைமுறை தலைமுறையாக இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் பாறையின் சூட்டோடு இந்தச் சூட்டையும் தாங்கினார்கள்.

இமயமலைத் தளங்களில் பிரச்சினை வேறு. அடல் சுரங்கப்பாதை 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 0.9 கிலோ. ஃபேன் வரைபடங்கள் 1.2க்கு வரையப்பட்டவை. டக்ட் இழப்பை 0.9க்குக் கணக்கிட்டு, ஃபேனை 1.2 வரைபடத்திலிருந்து எடுத்தால் ஃபேன் போதாது. இரண்டையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவாருங்கள். காற்றின் அழுத்தத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட உதவும் பிட்டோ குழாயில் அளந்து, அடர்த்திக்கு 1.2 போட்டால் வேகம் 13 சதவீதம் குறைவாக வரும். சாதாரண மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்குமே முழுச் சுமைக்கு மதிப்பிடப்பட்டவை. டீசல் எந்திரமும் அங்கே அதிகமாகப் புகை கக்கும்.

வேலை வாழ்க்கையில் செய்யும் தவறுகள்

சுரங்கத்திலிருந்து சுரங்கப்பாதைக்கு மாறுபவர் சட்டமும் கூடவே வரும் என்று நினைக்கக் கூடாது. சுரங்கத்தில் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் கண் இருக்கிறது. தகுதிச் சான்றிதழும் காற்றோட்ட அதிகாரி என்ற பொறுப்பும் விதியிலேயே உண்டு. மெட்ரோ, ரயில் சுரங்கப்பாதைகளுக்குக் கட்டடத் தொழிலாளர் விதிகள்தான் பொருந்தும். அங்கே காற்றுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலும், சுரங்கப்பாதை வேலைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4756லும் தேடிப் பார்த்து, சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று 29 பேர் இறந்தார்கள். அங்கே பிரதான ஃபேன் பூமிக்கு அடியிலேயே வைக்கப்பட்டிருந்தது. காற்றோட்டத்துக்கென்று முழுப் பொறுப்புள்ள பொறியாளர் ஒருவர் இல்லை.

காற்றோட்டத்தைக் கணினியில் மாதிரியாக வரையும் வென்ட்சிம் போன்ற மென்பொருள் தெரிந்தால் வேலை கிடைக்கும், அது உண்மை. ஆனால் கையேட்டு எண்களைப் போட்டு வரைந்த மாதிரி வெறும் படம்தான். அழுத்தமும் காற்றும் உள்ளே அளந்து, மாதிரியின் எண்ணோடு பொருத்திய பிறகே அதை வைத்து முடிவெடுக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளைக் கணினி முன் கழித்தவருக்குக் கிழிந்த டக்ட்டின் சத்தம் தெரியாது. அது தெரியாமல் மூத்த பொறியாளராவது ஆபத்து.

ஷிஃப்ட் மாறும்போது ‘எல்லாம் சரி’ என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். தேதி, நேரம், டக்ட் முனைக்கும் ஃபேஸுக்கும் இடைத்தூரம், டக்ட் முனைக்குப் பின்னால் அளந்த காற்று, ஃபேன் அழுத்தம், ஈரக்குமிழ், கூரையில் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, தைக்க வேண்டிய இணைப்பின் எண் ஆகியவற்றுக்கு ஒரு வரி போதும். ஃபேன் அழுத்தம் இறங்கி ஃபேஸ் காற்றும் குறைந்திருந்தால் டக்ட் கிழிந்திருக்கிறது. அழுத்தம் ஏறி ஃபேஸ் காற்று குறைந்திருந்தால் எங்கோ நசுங்கியோ மடங்கியோ கிடக்கிறது. அடுத்த ஷிஃப்ட்காரர் ஊசி நூலோடு போக வேண்டுமா, ஏணியோடு போக வேண்டுமா என்பதை அந்த ஒரு வரியைப் பார்த்தே முடிவு செய்வார்.