ஹைப்பரா, ஹைப்போவா? மருந்துச் சீட்டில் குழம்பாமல் இருக்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் ஊரில் இருக்க, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகள் நிறைய. டாக்டர் எழுதியதைப் போனில் வாசித்துச் சொல்வது லீவுக்கு வந்த பேரப்பிள்ளையாகக்கூட இருக்கும். அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஹெச்-ஒய்-பி வரை இரண்டு சொல்லும் ஒன்றுதான். அடுத்து இ-ஆர் வந்தால் ஹைப்பர், அளவுக்கு மேல். ஓ வந்தால் ஹைப்போ, அளவுக்குக் கீழ். இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம். ஹைப்போடென்ஷன் குறை ரத்த அழுத்தம். தைராய்டுக்கும் இதே கணக்குதான்.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் இந்த ஓர் எழுத்து ரொம்ப முக்கியம். ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். நினைவோடு இருப்பவருக்கு உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியாவுக்கு அதையே கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இன்னொரு ஜோடி, காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். ஆன்டிசெப்டிக், ஆன்டிபயாடிக் இரண்டிலும் ஏ-என்-டி-ஐ. எதிர்ப்பது என்று பொருள். கர்ப்பிணிகளுக்கான ஆன்டிநேட்டல் வார்டில் ஏ-என்-டி-இ. முன்பு, அதாவது பிரசவத்துக்கு முன்பு.

காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் சிக்ரி. அதன் முழுப் பெயரான சென்ட்ரல் எலக்ட்ரோகெமிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் வரும் எலக்ட்ரோ தெரிந்தால் எலக்ட்ரோபிளேட்டிங், எலக்ட்ரோலிசிஸ் எல்லாம் மின்சாரம் சம்பந்தப்பட்டவை என்று புரிந்துவிடும்.

ஆனால் யு-என் என்று தொடங்கினாலே எதிர்மறை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அன்ஹேப்பிக்குச் சரி, அங்கிளுக்கும் யூனிட்டுக்கும் அது பொருந்தாது.